குனிந்த தலை நிமிரும் வரை

மெங் கியூசிக் சாருக்குப் பொறாமை காலைக் காப்பி மாதிரி. அது உள்ளே போனால்தான் அவருக்குப் பொழுது விடியும். நான் பையைக்கூட இறக்கி வைத்திருக்க மாட்டேன், அதற்குள் அந்தப் பழுப்புக் கோட்டு என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வணக்கமும் கிடையாது, சாப்பிட்டாயா என்ற கேள்வியும் கிடையாது.

“யேரின், அவனுது எப்படி?”

“எவனுது சார்?”

“தெரியாத மாதிரி கேக்காதம்மா. கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெள்ளை ஷூ மாட்டிக்கிட்டு வருவானே, அவன்தான்.”

அவன் என்றால் தாக் ஜேயுன். இரண்டு பேரும் எங்கள் பயிற்சி நிறுவனத்தில் வரலாறு நடத்துகிறவர்கள். நொர்யாங்ஜின் பகுதியில் அரசுத் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்த இருவருடைய குரலும் தூக்கத்தில்கூடக் கேட்கும். மெங் சார் கற்காலத்திலிருந்து நேற்று வரை ஒன்றுவிடாமல் நடத்துவார். அதையே பிழிந்து சாறாக்கி, தேர்வுக்கு முந்தைய மாதங்களில் ஊட்டிவிடுவார் தாக். பிள்ளைகள் இரண்டையும் வாங்குவார்கள். மெங் சாரிடம் கற்றுக்கொண்டு தாக்கிடம் போய்த் தேறுவார்கள். தேறியபின் பழச்சாறுப் பெட்டியும் நன்றி அட்டையும் தாக்கின் மேசைக்குத்தான் வரும். தன் மேசையைத் தாண்டி அந்தப் பெட்டிகள் போவதை மெங் சார் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதில் பழச்சாறு திரிந்து போகாமல் இருந்தால் ஆச்சரியம்.

இதில் நான் எங்கே வந்தேன் என்றால், பிள்ளைகள் போனில் பாடம் பார்க்கும் எங்கள் செயலியில் வீடியோ ஓடும் பகுதியைச் செய்கிறவள் நான். அது ஒழுங்காக ஓடும்வரை என் பெயர் யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் மட்டும் ஊருக்கே தெரியும். பொத்தானுக்கு ஊதா நிறம் தேர்ந்தெடுத்த பையனுக்குப் போன வருட விருந்தில் கைதட்டல் கிடைத்தது. எனக்கும் வயிறு எரியும், ஆனால் நான் அதைக் காலையிலேயே அடுத்தவர் மேசைக்குத் தூக்கிக்கொண்டு போவதில்லை.

ஒவ்வொரு ஆசிரியருக்கும் செயலியில் ஒரு பக்கம் உண்டு. பாடத்தைத் திறந்தவர்கள் எத்தனை பேர், கடைசிவரை பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று அதில் இரண்டு பட்டைகள் இருக்கும். திறந்ததைக் கண்டுபிடிப்பது சுலபம், தொட்டாலே தெரிந்துவிடும். முடிந்ததைக் கண்டுபிடிப்பதுதான் வம்பு. வீடியோ தன்னுடைய கடைசிப் படத்தைக் காட்டி முடித்ததும், ‘முடிந்தது’ என்று போன் எங்களுக்கு ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரல் வந்தால்தான் பட்டை ஏறும். அதற்கு ஒரு கணம் முன்னால் மூடிவிட்டுப் போனாலும் குரல் வராது. எங்கள் கணக்கில் அவர்கள் பார்க்காதவர்கள்.

மெங் சாரின் முதல் பட்டை நெடுநெடுவென்று நிற்கும். பக்கத்தில் இரண்டாவது பட்டை தரையில் கிடக்கும். தாக்கின் பக்கத்திலோ இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி ஒரே உயரம்.

“அவன் பசங்க வீடியோவுக்குக் கீழ ஓடற கோட்டை விரலால இழுத்துக் கடைசிக்குக் கொண்டுபோயிடறாங்க. அதான் ஏறுது,” என்பார் மெங் சார்.

“முதல் தடவை பாக்கும்போது கோட்டை இழுக்க முடியாது சார். நான்தான் பூட்டி வெச்சிருக்கேன்.”

“அப்போ என் வீடியோல ஏதோ கோளாறு இருக்கு.”

“அதையும் பாத்துட்டேன். நானே உக்காந்து உங்க பாடத்தைக் கடைசிவரை ஓடவிட்டேன். குரல் வருது.”

“நீ பாத்தா வருது. அவங்க பாத்தா வரல. அப்படின்னா அவங்க பாக்கல, அதான சொல்ல வர்ற?”

அதைத்தான் பட்டையும் சொல்லிக்கொண்டிருந்தது.

இவ்வளவு வயிறெரிந்தாலும் தாக்கின் பாடம் ஒன்று வெளியானால் அன்றைக்கே அதை உட்கார்ந்து பார்த்து முடிப்பவர் மெங் சார்தான். ஊழியர்களின் கணக்குகளைப் பட்டையில் சேர்ப்பதில்லை என்றாலும், என் திரையில் அவை தனி நிறத்தில் தெரியும். தாக்கின் ஒவ்வொரு பாடத்துக்கும் கீழே மெங் கியூசிக், முடிந்தது. மெங் கியூசிக், முடிந்தது. ஒருநாள் வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

“சார், தாக் சாருக்கு உங்களைவிட நல்ல மாணவர் யாரும் இல்ல போலிருக்கே.”

காது மடல் சிவந்துவிட்டது மனிதருக்கு. “தப்புக் கண்டுபிடிக்கப் பாக்கறேன்மா. போன வாரம் ஒரு ராஜா பேரை மாத்திச் சொன்னான், தெரியுமா?”

“திருத்தச் சொன்னீங்களா?”

“எதுக்குச் சொல்லணும்? இருக்கட்டும்.”

அவர் மனைவி ஜொங்சுக் அக்கா சாங்தோ மேட்டில் ஊறுகாய், பொரியல், கருவாட்டு வறுவல் எல்லாம் டப்பாவில் போட்டு விற்கும் கடை வைத்திருக்கிறார். நான் வீட்டுக்குப் போகிற வழியில் அங்கே தாமரைக்கிழங்கு வாங்குவேன். ஒருநாள் கிழங்கை நிறுத்துக்கொண்டே அக்கா சொன்னார்: “வீட்ல சோத்துத் தட்டுக்கு எதிர்ல போனைச் சாச்சு வெச்சுக்கறாரும்மா. அந்தத் தாக்கு பேசப் பேச இவரு மெல்லுறாரு. என் மூஞ்சிய இவரு இப்படிக் கண்ணெடுக்காம பாத்தது பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு மட்டும்தான். அந்த ஆளு பொம்பளையா இருந்தா என்னிக்கோ முடியப் புடிச்சு இழுத்திருப்பேன்.” ஆக, அந்த வீட்டில் இரண்டு பேரிடமும் பொறாமைக்குப் பஞ்சமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

இதெல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது, குவாக் இயக்குநர் எல்லோரையும் கூட்டி அந்தச் செய்தியைச் சொல்லும்வரை. அடுத்த பருவத்திலிருந்து ஒரு பாடத்துக்கு ஓர் ஆசிரியர் மட்டும்தானாம். ஆரம்பப் பாடம், கடைசிச் சாறு எல்லாவற்றையும் ஒருவரே நடத்த வேண்டும். யார் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்வார்கள்.

“பாதியில் எழுந்து போகிற வகுப்பு வகுப்பே அல்ல. முடித்தவர் பட்டை யாருக்கு உயரமோ, அவர் இருப்பார்,” என்று எழுதி வைத்ததைப் படிக்கிறவர் மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார் குவாக்.

மெங் சார் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் பிடிக்கும் இடத்தில் காகிதக் குவளையை நிரப்பினார். அது வழிந்து கையை நனைத்தும் குழாயை விடவில்லை. ஐம்பதைத் தாண்டிய வரலாற்று ஆசிரியரை அந்தத் தெருவில் வேறு யாரும் எடுக்க மாட்டார்கள். அக்காவின் கடையில் மிளகாய்ப்பொடி இடிக்க வேண்டியதுதான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்போதும் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: “என் புத்தகத்தையும் அவன்கிட்டயே குடுத்துடுவாங்க, பாரு. நான் எழுதின குறிப்பை வெச்சுக்கிட்டு அவன் நடத்துவான். வெள்ளை ஷூவைப் போட்டுக்கிட்டு நடத்துவான்.”

இரண்டு நாள் கழித்து மதியச் சாப்பாட்டு வேளையில் கறுப்புத் தொப்பியும் முகமூடியும் மாட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். திருடனைப் போல இருந்தார்.

“வா, கோப்பைச் சோறு வாங்கித் தரேன்.”

மெங் சார் எனக்குச் சோறு வாங்கித் தருகிறார் என்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே போனேன். கோப்பைச் சோற்றுக் கடைகள் இருக்கும் நடைபாதையில், முழங்கை உயரப் பலகையில் நின்றுகொண்டு பிள்ளைகள் சாப்பிடுவார்கள். வலக்கையில் கரண்டி, இடக்கையில் போன். தலை நிமிர்த்திப் பேசுகிறவர் ஒருவரும் இருக்க மாட்டார். மெங் சார் ஒவ்வொரு முதுகாகத் தாண்டித் தோள்வழியே எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். நான்கைந்து பேரின் திரையில் தாக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். மெங் சாரின் மூச்சு முகமூடிக்குள் புஸ்ஸென்று கேட்டது.

கடைசியில் ஒரு பெண் கிடைத்தாள். வீட்டில் போடும் சிவப்புக் கால்சட்டை, காலில் ரப்பர் செருப்பு, தலைமுடியை ஒரு பென்சிலால் கொண்டை போட்டிருந்தாள். அவள் திரையில் இருந்தது மெங் சார்.

நாங்கள் அவளுக்குப் பின்னால் இடம்பிடித்து நின்றோம். எனக்கு வெட்கமாக இருந்தது, அவருக்கு அதெல்லாம் இல்லை. அவள் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். சோற்றில் கிம்ச்சி ஊறுகாயைக் கலக்கும்போதுகூடத் திரையைத்தான் பார்த்தாள். திரையில் மெங் சார் கேலியாக ஏதோ சொன்னபோது சோறு தெறிக்கச் சிரித்தாள். என் பக்கத்தில் நின்ற மெங் சார் விறைத்துப் போனார். பாடம் முடியும் இடம் வந்தது. திரையில் இருந்த மெங் சார் புத்தகத்தை மூடினார். “இன்றைக்கும் பாடுபட்டீர்கள்,” என்று வழக்கம்போல விடை சொன்னார். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டிவைத்து இடுப்பை வளைத்துக் குனிந்தார்.

அந்தப் பெண் சட்டென்று கரண்டியைக் கீழே வைத்தாள். போனைப் பார்த்துத் தானும் தலையைக் குனிந்தாள். குனிந்தபடியே அவசரமாக விரலை நீட்டிப் பாடத்தை மூடிவிட்டாள்.

“ஏய்!” என்று கத்திவிட்டார் மெங் சார்.

அவள் திரும்பினாள். முகமூடி தாடைக்கு இறங்கியிருந்ததால் ஆளைத் தெரிந்துகொண்டாள். சோறு தொண்டையில் சிக்கி, கண்ணில் நீர் வந்து, அப்படியே மறுபடி இடுப்பு வளைய ஒரு வணக்கம் வைத்தாள்.

“எதுக்கும்மா மூடின? நான் இன்னும் நிமிரவே இல்லையே?”

“சார்… அதான் சார் மூடினேன்.”

“புரியல.”

“நீங்க எங்களுக்குப் போய் அவ்ளோ நேரம் தலை குனியறீங்க. நிமிர்ந்து பாக்கறப்ப நான் வாயில சோத்தோட நின்னுக்கிட்டிருந்தா நல்லாவா இருக்கும்? அதுவும் இந்தக் கால்சட்டையில?” அவள் கால்சட்டையைக் கைப்பையால் மறைத்துக்கொண்டாள். “எங்க விடுதில எல்லாரும் அப்படித்தான் சார். படுத்துக்கிட்டு பாக்கறவங்க, முகத்துல க்ரீம் பூசிக்கிட்டு பாக்கறவங்க எல்லாம் உண்டு. நீங்க குனிஞ்சதும் நாங்களும் குனிஞ்சுட்டு, நீங்க நிமிர்றதுக்குள்ள ஓடிடுவோம்.”

“தாக் சாருக்கு?” என்று நான் கேட்டேன்.

“அவர் என்ன மேடம், ‘போங்கடா, போய்ப் படிங்க’ன்னு விரட்டுவாரு. அத்தோட படம் நின்னுடும். மூடறதுக்கு எங்க நேரம்?”

திரும்பி வரும் வழியில் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. போனுக்குள் இருக்கும் ஆளுக்கு இவர்களைத் தெரியாது என்பது அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். ஆனாலும் பெரியவர் ஒருவர் குனிந்திருக்கும்போது வீட்டுக் கால்சட்டையில் உட்கார்ந்திருக்க உடம்பு ஒப்பாது. என் அம்மா இன்றைக்கும் போனில் பேசும்போது எதிரில் இல்லாத ஆளுக்குத் தலை குனிந்து வணக்கம் சொல்லுவார். அது நான் எந்த நிரல் எழுதினாலும் பிடிபடாது.

“சந்தோஷப்படுங்க சார். எல்லாரும் கடைசி வார்த்தை வரைக்கும் பாத்திருக்காங்க. உங்க பணிவுதான் உங்களுக்கு வில்லன்.”

“பணிவா?” நடைபாதை நடுவில் நின்றுவிட்டார். “எவன் சொன்னான் பணிவுன்னு? செயலி வர்றதுக்கு முன்னால மண்டபத்துல நடத்திக்கிட்டிருந்தப்ப என் வகுப்பு முடியற நேரத்துல பக்கத்து மண்டபத்துல அவன் வகுப்பு ஆரம்பிக்கும். நான் ‘பாடுபட்டீர்கள்’னு சொல்லி முடிக்கறதுக்குள்ள நாற்காலிய உதைச்சுத் தள்ளிட்டு ஓடுவாங்க, அவன்கிட்ட முன்வரிசை பிடிக்க. என் முன்னாலயே ஓடுவாங்க! அதை என் கண்ணால பாக்கச் சொல்றியா? அதான் குனிஞ்சேன். கடைசிச் செருப்புச் சத்தம் போறவரைக்கும் தலையத் தூக்கல. ஊரே என்னைப் பெரிய மனுஷன்னு சொல்லிச்சு. சொல்லிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். அதுவே முதுகுக்குப் பழகிப்போச்சு.”

எனக்கு அப்போது சிரிப்பு நின்றது. இத்தனை வருடம் பணிவு என்று பிள்ளைகள் பதிலுக்குக் குனிந்தது எல்லாம் இந்த மனிதரின் வயிற்றெரிச்சலுக்கா என்று நினைத்தேன். ஆனாலும் அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது.

குவாக்கின் அறையில் மறுநாள் கூடினோம். நான் கண்டதைச் சொன்னேன். குவாக் தோளைக் குலுக்கினார்.

“அவ்வளவுதானே? அந்த வணக்கத்தை வெட்டிவிடுங்கள்.”

வீடியோக்களை வெட்டி ஒட்டும் ஓ மிரான் மேடம் கைகளைக் கட்டிக்கொண்டார். “நான் வெட்ட மாட்டேன். மரியாதை பண்ணிக்கிட்டிருக்கற மனுஷன் கழுத்துல கத்தரி வைக்கச் சொல்றீங்களா? என் அப்பா கேட்டா வீட்டுக்குள்ள சேக்க மாட்டாரு. இத்தனை நாளா அவ்ளோ நீளத்துக்கு விட்டு வெச்சதே அதனாலதான்.”

“வெட்ட வேண்டாம்,” என்றது ஒரு குரல். தாக் ஜேயுன். அதுவரை வெள்ளை ஷூவின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “முடிவுக் கோட்டை முன்னால தள்ளிடுங்க. மெங் சார் குனியற இடத்துலயே பாடம் முடிஞ்சுடுது. அப்புறம் வர்றது பாடம் இல்ல. எனக்கும் அதே மாதிரி, கடைசி வார்த்தையோட கணக்கை முடிச்சுக்குங்க. அதுதான நியாயம்?”

அப்படிச் செய்தால் யார் ஜெயிப்பார்கள் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். ஆரம்பப் பாடத்தைத் திறக்கிறவர்கள்தான் எப்போதும் அதிகம். தாக்குக்கும் அது தெரியும். மெங் சார் அவரை முறைத்த முறைப்பில் நன்றி எள்ளளவும் இல்லை. வெளியே வந்ததும் என் காதில் கிசுகிசுத்தார்: “பாத்தியா? பெருந்தன்மையையும் அவனே எடுத்துக்கிட்டான். எனக்குன்னு ஒண்ணை விடமாட்டான்.”

நான் முடிவின் கோட்டை நகர்த்தினேன். கடைசிப் படத்துக்குக் காத்திருக்காமல், ஆசிரியரின் கடைசி வார்த்தை முடிந்ததும் ‘முடிந்தது’ என்று போன் குரல் கொடுக்கும்படி மாற்றினேன். பழைய குரலையும் நிறுத்தவில்லை, சரிபார்க்க உதவும் என்று ஓரமாக ஓடவிட்டேன். பட்டை எழுந்தது. தரையில் கிடந்தது நிமிர்ந்து தாக்கின் பட்டையைத் தாண்டியது. மெங் சார் என் மேசையருகே வந்து அதைப் பார்த்தார். “அவனுது?” என்று கேட்டார். காட்டினேன். நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு ஜொங்சுக் அக்கா எனக்குத் தாமரைக்கிழங்கை நிறுக்காமலே அள்ளிக் கொடுத்தார்.

பருவம் முடிந்தது. தாக் மேசையைக் காலி செய்த நாளில் எல்லோரும் ஆளுக்கொரு வார்த்தை சொல்லப் போனோம். தெரு எதிர்ப்பக்கம் புதிதாகத் தொடங்கிய ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்கிறார் என்றார்கள். சம்பளம் குறைச்சலாம். அட்டைப்பெட்டியில் நன்றி அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மெங் சார் வரமாட்டார் என்று நினைத்தேன், வந்தார். கதவோரம் நின்றார். பெட்டிக்குள் எத்தனை அட்டை என்று கண் போய்க்கொண்டிருந்தது.

“பாடுபட்டீங்க,” என்றார் மெங் சார், வேண்டா வெறுப்பாக.

“நீங்களும்தான் அண்ணே.” அதுவரை தாக் அவரை அண்ணே என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “போறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். நீங்க குனிஞ்சு நிமிர்ந்ததும், இடப்பக்கம் திரும்பிக் கதவை ஒரு பார்வை பாப்பீங்களே, அப்படியே மூக்கைச் சுருக்குவீங்க. எந்தப் பாடத்துலயும் அது தப்பினதில்ல. எதுக்கு அது?”

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை, பிறகு விளங்கியது. அவர் நிமிர்வதை எந்தப் பிள்ளையும் பார்த்ததில்லை. நிமிர்ந்தபின் அவர் முகம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமென்றால், கடைசிப் படம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

“நீ எதுக்குப் பாத்த?” என்றார் மெங் சார்.

“தப்புக் கண்டுபிடிக்கத்தான்.” தாக் ஓர் அட்டையை எடுத்து அதன் மூலையை நீவினார். “என்கிட்ட வர்ற பசங்க எல்லாம் உங்ககிட்ட படிச்சுட்டு வர்றவங்க. நான் எதைச் சொன்னாலும், ‘மெங் சார் சொல்லிட்டாரு’ம்பாங்க. எனக்குப் பழச்சாறு குடுப்பாங்க, கை குலுக்குவாங்க, தோள்ல கை போட்டுப் படம் எடுத்துக்குவாங்க. ஒரு பய என்னைப் பாத்துத் தலை குனிஞ்சதில்ல அண்ணே. நானும் ஒரு தடவை பாடம் முடிச்சுட்டு உங்களை மாதிரியே குனிஞ்சு பாத்தேன்.”

“குனிஞ்சியா? நான் பாக்கலையே?” மெங் சாருக்குத் தான் ஒன்றைத் தவறவிட்டதே பெரிய அடியாக இருந்தது.

“எப்படிப் பாப்பீங்க? மிரான் மேடம் வெட்டிட்டாங்க.”

மூலையில் நின்ற மிரான் மேடம் பெட்டி ஒட்டும் நாடாவைத் தேட ஆரம்பித்தார். “கீழ விழுந்த மைக்கை எடுக்கறீங்கன்னு நெனச்சேன்,” என்று முணுமுணுத்தார்.

தாக் பெட்டியைத் தூக்கிக்கொண்டார். மெங் சார் கதவை விட்டு விலகி வழிவிட்டார். கதவை எதற்காகப் பார்க்கிறார் என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லவேயில்லை. கடைசிச் செருப்பு வெளியே போய்விட்டதா என்று பார்க்கிறார், எல்லாரும் ஓடிவிட்டார்களே என்று மூக்கைச் சுருக்குகிறார், ஆளே இல்லாத படப்பிடிப்பு அறையிலும் அந்தப் பழக்கம் விடவில்லை. பிள்ளைகளைத் தன்னிடம் ஓடிவரச் செய்தவனிடமே இதை எப்படிச் சொல்வது?

அன்று மாலை ஓரமாக ஓடிக்கொண்டிருந்த பழைய குரல்களை எடுத்துப் பார்த்தேன். மெங் சாரின் பாடங்களில் கடைசிப் படம்வரை போனவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பார்த்தபடி தூங்கிப்போனவர்களாக இருக்கும். ஊழியர் நிறத்தை மெங் சாரின் பாடங்களுக்குக் கீழே தேட எனக்கு அதுவரை தோன்றியதில்லை. ஆனால் அந்த நிறத்தில் ஒரே பெயர் பாடம் தவறாமல் இருந்தது. தாக் ஜேயுன், முடிந்தது. தாக் ஜேயுன், முடிந்தது. மெங் சார் அவரைப் பார்த்த அதே நாட்களில் அவரும் இவரைப் பார்த்திருக்கிறார்.

மெங் சாருக்கு அதைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த சில வாரங்கள் அவர் காலையில் என் மேசைக்கு வரவில்லை. கேட்பதற்கு இப்போது அந்த ‘அவன்’ இல்லை. செயலியின் முதல் பக்கத்தில் அவருடைய படம் வந்தது, பழச்சாறுப் பெட்டிகள் அவருடைய மேசைக்கே வந்தன. அவற்றைத் திறக்காமல் கடைக்கு எடுத்துப்போய் விடுகிறார் என்று அக்கா குறைப்பட்டுக்கொண்டார். “வீட்ல போனைச் சாச்சு வெக்கறதில்லம்மா. சோத்தைப் பாத்து சாப்பிடறாரு. என்னவோ மாதிரி இருக்கு, அந்தத் தாக்கையே கூப்பிட்டு விட்டுடலாமான்னு தோணுது.”

புதுப் பருவத்தின் முதல் பாடம் வெளியான மறுநாள், பழைய குரல் ஒன்று வந்திருந்தது. கடைசிப் படம்வரை பார்த்த ஒரே ஒரு கணக்கு. ஊழியர் கணக்கு அல்ல, புதிதாகச் சந்தா கட்டிய மாணவர். வைத்துக்கொண்ட புனைபெயர், ‘வெள்ளை ஷூ’. அப்படியானால் மெங் சார் தன்னை முதுகுக்குப் பின்னால் எப்படிச் சொல்கிறார் என்பதும் அந்த மனிதருக்குத் தெரிந்தேயிருக்கிறது.

நான் படப்பிடிப்பு அறைக்கே போய்ச் சொன்னேன். மெங் சார் விளக்குகளுக்குக் கீழே மைக்கைச் சட்டையில் மாட்டிக்கொண்டிருந்தார்.

“சார், ஒருத்தர் கடைசிவரைக்கும் பாத்திருக்காரு.”

“தூங்கிப் போயிருப்பான்.”

பெயரைச் சொன்னேன்.

அவர் முகத்தில் ரத்தம் ஏறியது. காது மடல் பழையபடி சிவந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு அந்தக் கண்ணில் பழைய எரிச்சல் பளிச்சென்று வந்து உட்கார்ந்தது. “அவன் அந்தப் பக்கம் என்ன நடத்தறான்? அந்த நிறுவனத்துக்குச் செயலி இருக்கில்ல? என் பொண்டாட்டி பேர்ல ஒரு கணக்கு திறந்து குடு. இன்னிக்கே.”

“சரி சார். முதல்ல பாடத்தை முடிங்க.”

முடித்தார். புத்தகத்தை மூடினார். “இன்றைக்கும் பாடுபட்டீர்கள்,” என்றார். கைகளைத் தொடையோடு ஒட்டிக் குனிந்தார். வழக்கமான நேரம் போனது. நிமிரவில்லை. இன்னும் போனது. மிரான் மேடம் பயந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். “முதுகு பிடிச்சுக்கிச்சா யேரின்? ஆஸ்பத்திரிக்குச் சொல்லட்டுமா?”

காமிரா ஓடிக்கொண்டிருந்தது. குனிந்த தலைக்குள்ளிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மைக்கில் விழாதபடி ஒரு குரல் வந்தது.

“சும்மா இருங்க. காத்துக் கெடக்கட்டும் அவன்.”